கண்ணுக்குப் புலனாகாத கடன்

இறையச்சமுடையோர் யாவர் என்பதை விளக்கத் தொடங்கும் திருமறை, தன் இரண்டாம் அத்தியாயத்தின் முகப்பிலேயே, மறைவானவற்றை நம்புதலை அவர்களுடைய முதல் அடையாளமாகக் கூறுகிறது. தொழுகையும் ஈகையும் அங்கே அதற்கு அடுத்தபடியாகவே இடம்பெறுகின்றன.

இந்த முதல் அடையாளத்தையே இக்காலக் கல்வி பயின்ற நம் பிள்ளைகளில் சிலர் ஐயத்துடன் நோக்குகின்றனர். "இருக்கிறது என்று சொன்னால் அதற்கு இடம் வேண்டும், எடை வேண்டும்; கருவியால் அளக்கக் கூடியதாக இருக்க வேண்டும். ரூஹு என்கிறீர்களே, அது எத்தனை கிராம்?" என்று வினவுகின்றனர். வீட்டுப் பெரியவர்கள் "இப்படியெல்லாம் கேட்பது ஈமானுக்கு ஆபத்து" என்று வாயை அடைத்து விடுகின்றனர். அடைக்கப்பட்ட வினா பிள்ளையின் உள்ளத்திலேயே தங்கி, வேறொரு நாள், வேறொருவரிடம் விடை தேடிக் கொள்கிறது.

மேடைகளில் இதற்கு வழக்கமாகக் கூறப்படும் விடை ஒன்று உண்டு. "மின்சாரம் கண்ணுக்குத் தெரிகிறதா? காற்று தெரிகிறதா? அவற்றை நம்புகிறாயே, ரூஹை ஏன் நம்ப மாட்டாய்?" என்பதே அது. கேட்போர் தலையசைத்து மகிழ்வர். எனினும் இது வலிமையற்ற வாதம் என்றே நான் கருதுகிறேன். மின்சாரத்தை அளக்க மீட்டர் உண்டு. மாதந்தோறும் அதற்குக் கட்டணமும் செலுத்துகிறோம். காற்றைப் பந்தில் அடைத்துத் தராசில் வைத்தால் எடை காட்டும். கண்ணுக்குத் தெரியாதது வேறு, பருப்பொருள் அல்லாதது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் கல்லூரியில் இயற்பியல் பயிலும் பிள்ளை மரியாதைக்காக மௌனமாக இருப்பானேயன்றி மனநிறைவு அடைய மாட்டான்.

ஆகவே வினாவை அதன் வேரிலேயே எடுத்து நோக்குவோம். பருப்பொருளாக இல்லாத ஒன்றை "இருக்கிறது" என்று சொல்லலாமா?

2016ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இரவை எவரும் மறந்திருக்க முடியாது. அன்று நள்ளிரவோடு அப்போதைய 500 ரூபாய், 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை ஆயின. பெட்டியில் இருந்த தாள் அதே தாள். மை அதே மை. எடையும் அகலமும் நூலிழை அளவும் மாறவில்லை. ஆயினும் மறுநாட் காலையில் மாந்தர் அனைவரும் பதறினர். தாளிலிருந்து எது நீங்கியது? எந்த நுண்ணோக்கி கொண்டு பார்த்தாலும் நீங்கிய ஒன்றின் தடம் தாளில் தெரிந்திருக்காது. ஒன்றுமே நீங்கவில்லை என்று எவராவது கூறினால், வங்கி வாயில்களில் நாள்தோறும் வரிசையில் நின்ற மக்கள் அவரை என்னவென்று எண்ணியிருப்பர்!

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். நிக்காஹ் சபையில் பெண்ணின் வலீ ஒரு வாக்கியம் சொல்கிறார். மணமகன் ஏற்றுக்கொண்டேன் என்கிறார். சாட்சிகள் இருவர் செவியுறுகின்றனர். அவ்வளவே. மணமகனின் உடலிலோ மணமகளின் உடலிலோ ஓர் அணுவும் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் ஒரு கணத்திற்கு முன்பு ஹராமாக இருந்தது ஹலாலாகிறது; ஒருவர் மற்றவருக்கு வாரிசாகிறார்; பிறக்கும் குழந்தைக்கு வமிசம் உறுதியாகிறது. நிக்காஹ் என்னும் அந்தப் பிணைப்பு எங்கே இருக்கிறது? தஃப்தரில் இருக்கிறது என்று சொல்ல முடியாது; தஃப்தர் தீயில் எரிந்து போனாலும் நிக்காஹ் நிலைத்தே நிற்கும்.

மதரஸாவின் முதலாண்டு மாணவனுக்கே கற்பிக்கப்படும் பாடம் ஒன்றையும் நினைவுகூர்தல் நலம். அசுத்தத்தை நம் ஃபிக்ஹு நூல்கள் இரு வகையாகப் பிரிக்கின்றன. ஒன்று நஜீஸ். அதற்கு உருவமும் நிறமும் மணமும் சுவையும் உண்டு. கழுவி அவற்றை நீக்க வேண்டும். மற்றொன்று ஹதஸ், அதாவது உளூ முறிந்த நிலை. இதனை விளக்கும் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள், உறுப்புகளின் மீது நிலைகொண்டு தொழுகை செல்லுபடியாவதைத் தடுக்கும் ஓர் "அம்ரு இஃதிபாரீ" என்று இதற்கு இலக்கணம் கூறுகின்றன. மார்க்கம் உள்ளதாகக் கணித்துக் கொண்ட ஒன்று என்பது அதன் பொருள். காற்றுப் பிரிந்தவனின் முகத்தில் அழுக்கு ஏதும் இல்லை. ஆயினும் முகத்தைக் கழுவியாக வேண்டும். நீர் கிடைக்காதவன் மண்ணைத் தொட்டு முகத்தில் தடவித் தயம்மும் செய்கிறான். உடலின் கண்கொண்டு பார்த்தால் இருந்த தூய்மையும் குறைந்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் அவன் தொழுகைக்குத் தகுதி பெற்றவனாகி விடுகிறான். நாள்தோறும் ஐந்து வேளையும் பருப்பொருள் அல்லாத ஒன்றைக் கணக்கில் கொண்டே நாம் எழுந்து நிற்கிறோம். இதனை எண்ணிப் பார்ப்பதுதான் இல்லை.

நம் முன்னோர் இவ்வகை உண்மைகளைக் குழப்பமின்றி வகுத்து வைத்துள்ளனர். ஒரு பொருள் புறத்தே இருப்பது வேறு, உள்ளத்தில் இருப்பது வேறு, நாவின் சொல்லில் இருப்பது வேறு, ஏட்டின் எழுத்தில் இருப்பது வேறு என்று மன்திக் கலையில் பாடம் உண்டு. அடுப்பில் உள்ள நெருப்பு சுடும். நெருப்பு என்ற சொல் நாவைச் சுடாது. நெருப்பு என்று எழுதிய தாள் எரிந்து போகாது. இந்நான்கையும் கடந்து, மார்க்கச் சட்டத்தின் கணிப்பில் இருப்பவை என்றொரு வரிசையையும் ஃபுகஹாக்கள் தனியே பேணினர். அவ்வரிசையில் தலையாயது கடன்.

திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால், சுவனம் அல்லது மறுமை பற்றியதாக இருக்கும் என்றே பலர் விடை கூறுவர். உண்மையில் அது இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆவது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. எழுதுபவர் நேர்மையாக எழுதுவது, கடன்பட்டவர் வாசகத்தைச் சொல்வது, சாட்சிகளை நிறுத்துவது, தொகை சிறியதாயினும் பெரியதாயினும் எழுதச் சோம்பாதிருப்பது என்று அது விரிந்து செல்கிறது. கையால் தொட முடியாத ஒன்றுக்கு அல்லாஹ் அளித்த இடம் இத்துணைப் பெரிது.

கையில் உள்ள பொருளை ஐன் என்றும், ஒருவர் மீது கடமையாகிவிட்ட கடனை தைன் என்றும் ஃபிக்ஹு கூறும். ஐன் பெட்டியில் இருக்கும். தைன் எங்கே இருக்கும்? அது "திம்மா"வில் இருக்கிறது என்று இமாம்கள் விடையளித்தனர். ஒவ்வொரு மனிதனிடத்தும் உரிமைகளையும் கடமைகளையும் தாங்கி நிற்கும் ஒரு தகுதிக்கே திம்மா என்று பெயர். அது நெஞ்சிலும் இல்லை, மூளையிலும் இல்லை. கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் ஒருசேர மறந்துவிட்டாலும் கடன் அங்கே கிடக்கும். பத்திரம் கரையான் அரித்துப் போனாலும் கிடக்கும்.

மனிதன் மரித்த பின்பும் அது கிடக்குமா? இங்கேதான் செய்தி கனமாகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. அவர் விட்டுச் சென்றது ஏதுமில்லை. மூன்று தீனார் கடன் மட்டும் இருக்கிறது என்று தெரிந்ததும், தாங்கள் தொழவைக்காமல், உங்கள் தோழருக்கு நீங்களே தொழுது கொள்ளுங்கள் என்று கூறிவிட்டார்கள். அபூ கத்தாதா (ரலி) அவர்கள் அக்கடன் என் பொறுப்பு என்று முன்வந்த பிறகே தொழவைத்தார்கள். சலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. பின்னாளில் வெற்றிகள் குவிந்தபோது, கடனை அடைக்க வழியின்றி மரிப்போரின் கடனைத் தாங்களே ஏற்பதாக நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததும் ஹதீஸ் நூல்களில் உண்டு.

இந்நிகழ்ச்சியை வைத்து நம் இமாம்கள் நிகழ்த்திய கருத்தாடல் வியப்புக்குரியது. வசதியின்றி மரித்தவரின் கடனுக்கு, அவர் இறந்த பின் மற்றொருவர் பிணை நிற்பது செல்லுமா? செல்லாது என்றார்கள் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்). கடனைச் சுமக்கும் திம்மா மரணத்தால் சிதைந்துவிட்டது. பின்னால் விட்டுச் சென்ற சொத்தும் இல்லை. இவ்வுலகச் சட்டத்தில் சுமப்பதற்கு இடமே இல்லாத கடனுக்கு எவ்வாறு பிணை நிற்பது என்பது அவர்களின் வாதம். அபூ கத்தாதா (ரலி) அவர்களின் சொல்லை, முன்பே ஏற்றிருந்த பிணையின் ஒப்புதலாகவோ நன்கொடையாகச் செலுத்துவேன் என்ற வாக்குறுதியாகவோ கொள்ளலாம் என்றும் விளக்கினர். அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூ யூசுஃபும் இமாம் முஹம்மதும், மேலும் இமாம் ஷாஃபிஈயும் (ரஹ்) அதை மறுத்து, கடன் இன்னும் நிலைத்தே இருக்கிறது, ஆகவே பிணை செல்லும் என்றனர். தராசில் நிற்காத ஒன்று இருக்கிறதா, அழிந்துவிட்டதா என்பதைப் பற்றி இவ்வளவு நுணுகி ஆராய்ந்தவர்களின் வழித்தோன்றல்களா நாம், எடை என்ன என்று கேட்டவுடன் திகைத்து நிற்பது!

பயன் என்பதும் இவ்வாறானதே. ஒருவன் மற்றவனின் வீட்டை அபகரித்து ஓராண்டு குடியிருந்து, பின்னர் சேதமின்றித் திருப்பிக் கொடுத்து விட்டான். அவன் எதையேனும் எடுத்தானா? சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது, கதவு இருக்கிறது. அவன் எடுத்தது ஓராண்டுக் குடியிருப்பு என்னும் பயனை. அதற்கு அந்த ஊர் நிலவரப்படி வாடகை தர வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. பூட்டி வைத்துக் குடியிராமல் விட்டிருந்தாலும் கூடத் தர வேண்டும் என்பர். பழைய ஹனஃபீ அறிஞர்கள், பயன் என்பது கணந்தோறும் தோன்றி மறைவது, சேமித்து வைக்க இயலாதது, எனவே ஒப்பந்தம் இல்லாதவிடத்து அது மாலாக, அதாவது சொத்தாக ஆகாது என்று வாடகையை விதிக்கவில்லை. பாவம் பாவமே, சட்டத்தில் ஈடு இல்லை என்பது மட்டுமே அவர்கள் கூறியது. ஆனால் பின்வந்த ஹனஃபீ ஆலிம்கள், மக்கள் துணிந்து கை வைப்பதைக் கண்டு, வக்ஃபுச் சொத்து, அநாதைகளின் சொத்து, வாடகைக்கென்றே வைக்கப்பட்ட சொத்து ஆகிய மூன்றிலும் வாடகை கட்டாயம் என்று தீர்ப்பளித்தனர்.

கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபீகளுமாகப் பெரிதும் வாழும் நம் தமிழகத்தில் இம்மூன்றும் வெறும் ஏட்டுச் செய்திகள் அல்ல. வக்ஃபுக் கடையில் பாட்டனார் காலத்து வாடகையைத் தந்துகொண்டு, தானும் அதை உள்வாடகைக்கு விட்டு ஊதியம் பார்ப்போர் எத்தனை ஊர்களில் உள்ளனர்! மரித்துப்போன தம்பியின் பிள்ளைகளுக்குரிய பங்கில் தாம் குடியிருந்துகொண்டு, "நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லையே, வீடு அப்படியேதான் இருக்கிறது" என்று சொல்லும் பெரிய தந்தையர் எத்தனை பேர்! இரு மத்ஹபுகளும் ஒன்றுபட்டு வாடகை தரச் சொல்லும் இடம் இது.

எழுத்தாளனின் நூலுரிமை, வணிகப் பெயர், வணிகச் சின்னம், கண்டுபிடிப்புரிமை ஆகியவையும் மார்க்கத்தில் பேணப்பட வேண்டிய உரிமைகளே என்று, இஸ்லாமிய நாடுகள் கூட்டமைப்பின் ஃபிக்ஹு அகாடமி 1988இல் குவைத்தில் கூடிய அமர்வில் முடிவு செய்தது. தீனுடைய நூல்தானே என்று பிறருடைய நூலை அப்படியே அச்சிட்டு விற்போரும், இன்று கைப்பேசியில் கோப்பாக்கி அனுப்பி நன்மை தேடுவோரும் இதனை ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும்.

இனி ரூஹைப் பற்றிய வினாவுக்குத் திரும்பலாம். கடனும் நிக்காஹும் இருப்பதால் ரூஹும் இருக்கிறது என்று நான் நிறுவ முயலவில்லை. அவ்வாறு கூறினால் அதுவும் மேடையின் மின்சார வாதம் போன்றே முடியும். கடன் மார்க்கத்தின் கணிப்பாலும் மனிதரின் ஒப்பந்தத்தாலும் உள்ளதாகிறது. கடன் கொடுத்தவர் மன்னித்துவிட்டால் இல்லாமற் போகிறது. ரூஹும் மலக்குகளும் அத்தகையவை அல்ல. மனிதகுலம் முழுவதும் மறுத்தாலும் அவை இருக்கும். கடன் நமக்குச் செய்யும் உதவி ஒன்றே: "பருப்பொருள் அல்லாத எதுவும் இல்லை" என்று அடித்துப் பேசுகிறவர், தம் சட்டைப்பையையும் தம் திருமணத்தையும் தம் வீட்டுப் பத்திரத்தையும் பற்றிப் பேசும்போது அந்தக் கொள்கையைக் கைவிட்டு விடுகிறார் என்பதைக் காட்டிக் கொடுக்கிறது. அந்தப் பொதுவிதி உடைந்த பிறகு, ரூஹைப் பற்றி வஹீ என்ன சொல்கிறது என்று திறந்த செவியோடு கேட்க இயலும்.

வியப்பு என்னவெனில், ரூஹு பருப்பொருள் அல்ல என்பதிலேயே நம் இமாம்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்கள் அதை உடலோடு பின்னிப் பிணைந்த நுண்ணிய உடல் என்றனர். அவர்களின் மாணவரான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ அவ்வழி செல்லவில்லை. இஹ்யாவில் கல்பைப் பற்றி எழுதும்போது, மார்பின் இடப்புறத்தில் உள்ள சதைத் துண்டு கால்நடைகளிடத்தும் மய்யித்திடத்தும் கூட இருக்கிறது. மனிதனின் உண்மையாக அமைந்து, அறிவதும் வினவப்படுவதும் அந்தச் சதையோடு தொடர்புடைய வேறொரு நுண்பொருளே என்று பிரித்துக் காட்டினர். இப்னுல் கய்யிம் (ரஹ்) மீண்டும் ஒளிமிக்க நுண்ணுடல் என்ற பக்கமே நின்று, ரோஜாவில் நீர் பரவியிருப்பதையும் ஒலிவத்தில் எண்ணெய் பரவியிருப்பதையும் உவமை காட்டினர். மலக்குகள் ஒளியால் படைக்கப்பட்டோர் என்று ஹதீஸ் கூறுவதால் அவர்களையும் நுண்ணுடல் உடையோர் என்றே கலாம் அறிஞர்களில் பெரும்பாலோர் கொண்டனர். ஆசிரியர் ஒன்று கூற, மாணவர் வேறொன்று கூற, எவரும் எவரையும் ஈமானை விட்டு வெளியேற்றவில்லை. ஏனெனில் ரூஹைப் பற்றிக் கேட்டோருக்கு, அது இறைவனின் கட்டளையைச் சார்ந்தது என்றும், மனிதருக்குத் தரப்பட்ட அறிவு சொற்பம் என்றும் பதினேழாம் அத்தியாயத்தின் 85ஆவது வசனம் உணர்த்தி நிறுத்திக் கொண்டது. அது உண்டு என்று நம்புவது கடமை. அதன் மூலக்கூறு என்ன என்று அறிவது கடமையாக்கப்படவில்லை. எடை கேட்கும் பிள்ளையிடம் இதனைத் தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் ஓரிடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை. அல்லாஹ் உடலும் அல்லன், உடலின் கூறாகிய ஜவ்ஹரும் அல்லன், உடலைச் சார்ந்து நிற்கும் அரழும் அல்லன் என்பது நம் அரபு மதரஸாக்களில் ஓதிக் கொடுக்கப்படும் நஸஃபியின் அகீதா நூல் எடுத்துரைக்கும் கொள்கை. பருப்பொருளுக்கு மட்டுமே "இருக்கிறது" என்னும் சொல் உரியது என்று ஒருவர் ஏற்றுவிட்டால், அவர் இழப்பது ரூஹை மட்டுமன்று. தவ்ஹீதின் அடித்தளமே அவருடைய கையை விட்டுப் போகிறது. பிள்ளைகளின் வினாவை அற்பமாக எண்ணக் கூடாது என்று நான் கூறுவது இதனால்தான்.

பிள்ளைகளைக் குறை கூறும் பெரியவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. மறைவானதை நம்புகிறோம் என்று நாவால் மொழியும் நம் நடைமுறையைப் பாருங்கள். நிக்காஹின்போது பெண் வீட்டார் தரும் நகை எத்தனை பவுன் என்று தராசில் நிறுத்துப் பார்க்கிறோம். கைக்கூலித் தொகையை எண்ணிப் பார்க்கிறோம். அவை கண்ணுக்குத் தெரிபவை. அதே சபையில் தஃப்தரில் எழுதப்படும் மஹரோ, கையில் கொடுக்கப்படாதபோது, கணவனின் திம்மாவில் கடனாகப் போய் அமர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதனை அன்று மாலையே அனைவரும் மறந்து விடுகின்றனர். எடை என்ன என்று கேட்கும் இளைஞனுக்கும், எடையுள்ளதை மட்டும் கணக்கில் வைக்கும் இந்தப் பெரியவருக்கும் கொள்கையில் என்ன வேறுபாடு என்று எனக்கு விளங்கவில்லை. இளைஞன் தன் ஐயத்தை வெளியே சொல்லவாவது செய்கிறான்.

நான்காம் அத்தியாயம் வாரிசுப் பங்குகளை விவரிக்கும்போது, வசிய்யத்தும் கடனும் நீங்கிய பின்னரே பங்கு என்று திரும்பத் திரும்ப நிபந்தனை இடுகிறது. செலுத்தப்படாத மஹர் அக்கடன்களுள் ஒன்று. மனைவிக்குரிய எட்டில் ஒன்று அல்லது நான்கில் ஒன்று என்னும் பங்கு அதற்கு ஈடாகாது. முதலில் ஏனைய கடன்களோடு மஹர், பிறகு வசிய்யத்து, அதன் பிறகே அவளுடைய பங்கும் மற்றவர்களின் பங்கும்.

நம் ஊர்களில் ஜனாஸாத் தொழுகைக்கு முன் மகனோ சகோதரனோ எழுந்து நின்று, மய்யித்து யாருக்கேனும் கடன் தர வேண்டியிருந்தால் எங்களிடம் பெற்றுக் கொள்ளுங்கள் என்று அறிவிக்கும் வழக்கம் உள்ளது. நல்ல வழக்கம். ஆனால் அவருக்குக் கடன் கொடுத்தோரில் பெரும்பாலும் முதலாமவளாக இருக்கக் கூடிய அவருடைய மனைவி அவ்வேளையில் வீட்டினுள் இத்தாவில் இருக்கிறாள். பள்ளிவாசலின் அந்த அறிவிப்பு அவள் செவிக்கு எட்டுவதில்லை. எட்டினாலும் துயரத்தில் இருக்கும் அவள் வாய் திறந்து கேட்க மாட்டாள். ஜமாஅத்தின் தஃப்தரைப் பார்த்து, எழுதப்பட்ட மஹர் கொடுக்கப்பட்டதா என்று அவளிடம் சென்று கேட்க வேண்டியவர்கள் வாரிசுகளே. அவள் மனமுவந்து மன்னித்தால் அது வேறு; கேட்காமலேயே மன்னித்திருப்பாள் என்று அவர்களாக முடிவு செய்துகொள்ள மார்க்கத்தில் அனுமதி இல்லை.